ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நம் ஓய்வூதியர் குழுவில் ஒருவர் அனுப்பியிருந்தார். மரப்பெட்டிக்குள் ஒரு பழைய டிவி. அதன் எதிரே தரையில் ஒரு கூட்டம், திண்ணையில் ஒரு கூட்டம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கூட்டம். அன்று தெருவுக்கு ஒரு டிவி, தெருவே ஒரு குடும்பம். இன்று ஆளுக்கொரு செல்போன், யாருக்கும் யாருமில்லை என்று கீழே எழுதியிருந்தது. அரை மணி நேரத்துக்குள் ஒருவர் விடாமல் கைகூப்பி விட்டார்கள். ஒருவர் கண்ணீர் பொம்மை கூடப் போட்டிருந்தார்.

நானும் கைகூப்பத்தான் போனேன். கண் சரியாகத் தெரியாததால் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலில் ஒரு பெண் நிற்கிறாள். முக்காடு மாதிரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையில் பாத்திரம். அது எந்த ஊர்ப் படமோ எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டு ஜன்னலில் அதே மாதிரி ஒருவர் நின்றிருக்கிறார். கைகூப்ப மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் ஊர்க் கதை. இந்தியாவில் டிவி வந்தது டெல்லியில், 1959-இல். சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 ஆயிற்று. காரைக்காலுக்கு அந்தச் சென்னை அலை எட்டவே எட்டாது. அதே யூனியன் பிரதேசத்தில் இருக்கிற புதுச்சேரிக்காரர்கள் மொட்டை மாடியில் உயரமாகக் குழாய் நட்டு ஏதோ கொஞ்சம் பார்த்தார்கள். அங்கிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர்கள் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பற்றிப் பேசும்போது, நாங்கள் கல்யாணத்துக்குப் போகாதவன் சாப்பாட்டுக் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்போம்.

எங்களுக்கு டிவி கடல் வழியாக வந்தது. 1982 பிப்ரவரி 15-ஆம் தேதி இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் உதவியோடு கட்டிய நிலையம். அந்த நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை உச்சியில் கோபுரம். இதற்கு முன்பே நம் பக்கத்து மக்களுக்குச் சிலோன் ரேடியோ என்றால் சொந்த வீடு மாதிரி. காலையில் பொங்கும் பூம்புனலோடு பல் துலக்கியவர்கள் நாம். ரேடியோவில் கேட்ட ஊரைக் கண்ணால் பார்க்கப்போகிறோம் என்றதும் கடற்கரையோரம் முழுக்க ஒரு பரபரப்பு. நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் எங்கும் வீட்டு உச்சியில் இரும்புக் குழாய்கள் முளைத்தன. ஐம்பது அடி, அறுபது அடி. நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, மேலே மீன் முள் மாதிரி ஆன்டெனா, அதன் கழுத்தில் பூஸ்டர். எல்லாம் ஒரே திசையில் தெற்கே பார்த்துக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரன் வந்தால் இந்த ஊருக்கு என்ன, எல்லாரும் தெற்கே முகம் வைத்திருக்கிறீர்களே என்று கேட்பான்.

எங்கள் தெருவில் இந்த வேலையெல்லாம் ஒரு மெக்கானிக் பாய்தான். ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், ஒரே வருடத்தில் டிவி டாக்டர் ஆகிவிட்டார். நமக்கு வருவது மலை உச்சிக் கோபுரத்திலிருந்து இல்லை, வடக்கே கொக்காவிலில் இருக்கிற இன்னொரு கோபுரத்திலிருந்து என்று அவர் அடித்துச் சொல்வார். எங்கிருந்து வந்தாலும் அது காற்றையும் வானத்தையும் பொறுத்தது. பங்குனி, சித்திரையில் இலை அசையாத புழுக்கமான இரவுகளில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். காற்று அடித்தால் எறும்பு ஊரும். ஐப்பசி மழையில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு ஒரு பையன் மாடியில் குழாயைத் திருப்ப, கீழேயிருந்து ஒருவர் "இன்னும் கொஞ்சம்... போச்சு போச்சு, பழையபடி வா" என்று கத்த, நடுவில் வாசலில் நின்று அதை மேலே அஞ்சல் செய்ய ஒருவர். இந்த மூன்றாவது ஆள் வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரசாங்க உத்தியோகமும் ஏறக்குறைய அதேதான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் தெருவில் இரண்டு வெளிநாட்டு டிவிகள் வந்தன. ஒன்று மரைக்காயர் வீட்டில். அவர் மகன் சபுராளி, சிங்கப்பூரிலிருந்து இருபது அங்குலக் கலர் பெட்டியைக் கொண்டுவந்தார். இன்னொன்று பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டில். அவர் மகள் பிரான்சில் இருந்தாள். அப்பாவுக்கு ஆசையாக அங்கிருந்தே பெட்டி அனுப்பினாள். சிங்கப்பூர்ப் பெட்டியைப் போட்டதும் பளிச்சென்று கலரில் படம். பிரெஞ்சுப் பெட்டியில் மனிதர்கள் போட்டோ நெகட்டிவ் மாதிரி தெரிந்தார்கள். அதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டே. பேச்சுக்குப் பதில் இரைச்சல்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-இல் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு அந்தப் படிப்பு சோறு போடவில்லை. ஆங்கிலத்தில் டைப் கற்றுக்கொண்டுதான் குமாஸ்தா ஆனேன். ஆனாலும் தெருவில் பிரெஞ்சுக் கடிதாசு படிக்க, பென்ஷன் தாள் நிரப்ப என்னைத்தான் கூப்பிடுவார்கள். சொல்தா அந்தப் பெட்டியோடு வந்த புத்தகத்தை என் கையில் கொடுத்து, "தம்பி, இதுல என்னதான் எழுதியிருக்கான், படிச்சுச் சொல்லு" என்றார். படித்தேன். பிரான்சில் டிவி முறையே வேறு, அதற்கு செக்காம் என்று பெயர். நம் நாடு, இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் பால் முறை.

"இது செக்காம் பெட்டிங்க. இங்க வர்றது பால்" என்றேன்.

"பாலா?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டார். "எருமைப் பாலா, பசும்பாலா?"

சொல்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தோசீனாவில் சண்டை போட்ட மனிதர், அன்று அவ்வளவு சோர்ந்து போனார். அந்தப் பெட்டி அவர் இறக்கும் வரை கூடத்தில் இருந்தது. மேலே ஒரு பூச்சாடி, அவர் பட்டாளத்துப் படம். மாலையில் அவர் மரைக்காயர் வீட்டுக்குப் போய்த்தான் டிவி பார்த்தார். அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு.

அந்த நாற்காலியிலிருந்துதான் என் வழக்கு ஆரம்பிக்கிறது. கூடிப் பார்த்தோம், கூடிப் பார்த்தோம் என்கிறோமே, எப்படிக் கூடினோம்? மரைக்காயர் வீட்டுக் கூடத்தில் நாற்காலி யாருக்கு, பாய் யாருக்கு, திண்ணை யாருக்கு என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் ஒருவரும் இடம் மாறி உட்கார்ந்ததில்லை. உத்தியோகஸ்தர், கடைக்காரர், சொல்தா ஆகியோருக்கு நாற்காலி. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு உள்ளறைக் கதவோரம். தெருப் பிள்ளைகளுக்குத் தரை. வண்டிக்காரர், துணி வெளுப்பவர், மீன் கொண்டுவரும் பெண்கள் திண்ணையில் நின்று, திறந்த கதவு வழியாக. கோடித் தெருவுக்கு அப்பால் இருந்து வருகிறவர்கள் ஜன்னலில். மரைக்காயரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பெரிய மனது உள்ளவர், ரம்ஜான் மாதத்தில் வந்தவர்களுக்கெல்லாம் நோன்புக் கஞ்சி கொடுத்தவர். அந்த வரிசை அவர் போட்டதில்லை. வருகிறவர்களே கையோடு கொண்டுவந்தது.

1983 தொடக்கத்தில் நானும் கூட்டுறவுக் கடன் வாங்கி ஒரு கறுப்பு வெள்ளை சாலிடேர் வாங்கினேன். என் நான்கு மாதச் சம்பளம். இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்த பெட்டி. பார்த்து முடித்ததும் அம்மா அதை மூடிக் குட்டிப் பூட்டு ஒன்று போடுவார். தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் வேறு கட்ட வேண்டும். மரைக்காயர் வீட்டில் எனக்கு நாற்காலி இல்லை, பாய்தான். என் வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை வந்தால் எழுந்துகொள்வேன். மற்றபடி அங்கே இருந்த வரிசை இங்கேயும் அச்சு மாறாமல் வந்துவிட்டது. யாரையும் உள்ளே வராதே என்று நாங்கள் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

என்ன பார்த்தோம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பாதி எங்களுக்குப் புரியாததைத்தான் பார்த்தோம். தொடக்கத்தில் பிக்குகளின் பிரித் ஓதல். சிங்களச் செய்தி, சிங்கள நாடகம், ஆங்கிலப் படம், நடுவில் கொஞ்சம் தமிழ். தமிழ்ச் செய்தி வாசிப்பவரின் உச்சரிப்புக்காகவே எங்கள் தெரு வாத்தியார் வருவார். பௌர்ணமி வந்தால் அங்கே போயா விடுமுறை, திரையில் விகாரையும் வெள்ளை உடுப்பு ஜனங்களும். எங்கள் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவும் ஆனிப் பௌர்ணமியில்தான் வரும். அன்று மாங்கனி இறைப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்தால் அங்கேயும் தாமரைப் பூவும் ஊதுபத்தியும். அம்மா அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிடுவார். பிள்ளைகள் சிங்கள விளம்பரப் பாட்டெல்லாம் மனப்பாடம் செய்து தெருவில் பாடும். சோப்பா, பிஸ்கட்டா என்றுகூடத் தெரியாது.

இந்த இடத்தில்தான் அந்த ஜன்னல்காரர் வருகிறார். தெருவில் அவரை சிலோன்காரம்மா என்பார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு தலை இவர். எழுபதுகளில் புருஷன், பிள்ளையோடு கப்பலில் வந்தார். வந்த இரண்டாம் வருடம் புருஷன் போய்விட்டார். எங்கள் தெருவில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து, விடியற்காலை இட்லி அவித்து விற்றுப் பையனை வளர்த்தார். கல்யாணத்துக்கு முன்பு கண்டியில் ஒரு சிங்கள வீட்டில் சமையல் வேலை. அதனால் தெருவிலேயே சிங்களம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் வீட்டுப் பாத்திரத்தை முடித்துவிட்டுப் போகும்போது ஜன்னலில் கொஞ்ச நேரம் நிற்பார். சிங்கள நாடகம் ஓடினால் உள்ளே இருப்பவர்களுக்குக் கதை புரியாது. யாராவது திரும்பி, "ஏம்மா, இப்ப அவன் என்ன சொல்லிட்டுப் போறான்?" என்பார்கள். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே சொல்வார். "அந்தப் புள்ளைக்கு வேற எடத்துல பேசி முடிச்சிட்டாங்களாம்மா." உடனே உள்ளே பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். எங்கள் கூடம் முழுக்க அவர் குரல் வழியாகத்தான் அந்த நாடகங்களைப் பார்த்தது. அவர் மட்டும் வெளியே, கால் மாற்றிக் கால் மாற்றி.

1983 ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகளைக் கொளுத்துகிறார்கள் என்று ஆகாசவாணியிலும் பிபிசி தமிழோசையிலும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊரில் கடையடைப்பு, ஊர்வலம். எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு அங்கே கடையோ சொந்தமோ உண்டு. 28-ஆம் தேதி வியாழக்கிழமை இரவு, ஜனாதிபதி ஜெயவர்தன டிவியில் பேசப்போகிறார் என்று தெரிந்து எங்கள் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. படம் அவ்வளவு நன்றாக இல்லை, குரல் தெளிவாக இருந்தது. அவர் சிங்களத்தில் பேசத் தொடங்கினார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏ சிலோன், நீ உள்ள வா. வந்து கிட்ட உக்காந்து கேட்டுச் சொல்லு" என்றார். என் நாற்காலியை நானே நகர்த்திப் போட்டேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் தரையில், டிவிக்கு இரண்டு முழம் தூரத்தில், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நடுவில் ஒருவர், "என்னம்மா சொல்றார்?" என்று கேட்டார். கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். அந்த அம்மாள் எங்கள் வீட்டில் யாரையும் கைகாட்டி நிறுத்தியது அன்று ஒரு நாள்தான்.

பேச்சு முடிந்தது. அப்புறமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னார்?" என்று அம்மா கேட்டார்.

"அவங்க சனம் மனசு நொந்து போயிருக்குதாம். அதச் சொன்னாரும்மா. நாட்டப் பிரிக்க விடமாட்டேன்னாரு. சட்டம் போடுவேன்னாரு."

"செத்துப் போனவங்களப் பத்தி?"

"இன்னும் வரும் வரும்னு பாத்துட்டே இருந்தேம்மா. கடைசி வரைக்கும் ஒரு வார்த்த வரல."

பிற்பாடு அந்தப் பேச்சைப் பற்றிப் படித்தவர்கள் எழுதியதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். எரிந்துபோன தமிழர்களுக்காக ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே தடவை கேட்டுவிட்டு எங்கள் சிலோன்காரம்மா சொன்னதும் அதுதான். அவர் தங்கை குடும்பம் அப்போது மாத்தளைப் பக்கம் இருந்தது என்று அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஆறு வருடமாக எங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்த்தவர்.

அன்று இரவு தெருவே ஒரு குடும்பமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. யாரோ அவருக்குக் காபி கொடுத்தார்கள், கண்ணாடி டம்ளரில். மறுநாள் மாலை அவர் மறுபடி ஜன்னலில் நின்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வாங்க என்று என் வாயில் வரவில்லை. அப்போது எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சிறுபிள்ளை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இதே வியாதி ஆபீசிலும் உண்டு. பிற்பாடு அரசாங்கம் ஊர்தோறும் சமுதாய டிவி வைத்தது. பொதுவான இடத்தில் வைத்து, எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் கொடுத்தது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. ஒரு கிராமத்திலிருந்து மனு. எங்கள் ஊர் டிவியைப் பெரியவர் ஒருவர் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறார், எங்கள் தெருக்காரர்கள் அங்கே போக முடியவில்லை, படிப்பகத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்று. கீழே பதினேழு கையெழுத்து, அதில் பாதி கைநாட்டு. விளக்கம் கேட்டதற்கு, படிப்பகத்துக்குக் கதவில்லை, டிவி பாதுகாப்பாக இருக்கிறது, யார் வந்தாலும் தடையில்லை என்று பதில் வந்தது. நான் குறிப்பு எழுதினேன்: டிவி பாதுகாப்பாக உள்ளது, மேல்நடவடிக்கை தேவையில்லை, கோப்பில் சேர்க்கலாம். மேலே கையெழுத்தாகி வந்தது. அழகான கையெழுத்து என்று பாராட்டு வாங்கினவன் நான். அந்தக் குறிப்பையும் அழகாகத்தான் எழுதியிருப்பேன். படிப்பகத்துக்கு ஒரு கதவு போட எவ்வளவு ஆகும் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். அவ்வளவு அதிகாரம் குமாஸ்தாவுக்கும் உண்டு. அதைச் செய்யாததற்கு என்னைத் தவிர யாரையும் சொல்ல முடியாது.

அதனால்தான் நண்பர்கள் ஆளுக்கொரு டிவி வந்து ஊர் கெட்டது என்று சொல்லும்போது எனக்கு ஒத்துப்போக முடிவதில்லை. 2006-க்குப் பிறகு பக்கத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தபோது, எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டி முழுக்கச் சிரித்தது. ஓட்டுக்கு லஞ்சம், சோம்பேறி ஆக்குகிறார்கள், கேபிள்காரனுக்குக் கொண்டாட்டம் என்றார்கள். அதில் சிலது நியாயம்தான். கஜானா பணத்தில் செய்ய வேண்டிய வேறு வேலைகள் இருந்தன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிரித்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள். தன் வீட்டில், காலை நீட்டிக்கொண்டு, பிடித்ததைப் பார்த்து, பிடிக்காததை மாற்றுகிற சுகம் எப்பேர்ப்பட்டது என்று பத்து வருடம் ஜன்னலில் நின்றவரைக் கேட்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் அப்படி நின்றவர் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் அந்த வாட்ஸ்அப் படத்துக்கு அவர் கைகூப்பியிருப்பாரா?

எதிர்ப்பக்க நியாயம் ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். போனது ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு படத்தைப் பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சுக்காகவே வந்தவர்கள் உண்டு. மொட்டை மாடிப் பையன், மெக்கானிக் பாய், உச்சரிப்புக்காக வந்த வாத்தியார், இவர்களெல்லாம் இல்லாமல் அந்தப் பெட்டி ஓடாது. 1987-இல் ஞாயிறு காலை ராமாயணம் வந்தபோது தெருவில் பாதி வீட்டில் டிவி வந்துவிட்டது. இந்தி யாருக்கும் புரியாவிட்டாலும் கதை தெரிந்ததுதானே, மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. தூர்தர்ஷன் ஒழுங்காக வரத் தொடங்கியதும் சிங்கள நாடகத்தை யாரும் பார்க்கவில்லை. சிலோன்காரம்மாவிடம் யாரும் கதை கேட்கவும் இல்லை. ஜன்னலில் கூட்டம் குறைந்ததைச் சமத்துவம் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அவருக்கு இருந்த அந்த ஒரு மரியாதையும் அதோடு போயிற்று என்பது பிறகுதான் உறைத்தது.

அவர் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். 1990 தீபாவளிக்கு வரும்போது ஒரு பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி வாங்கி வந்தான். பழைய பெட்டிதான், ஆனால் நன்றாக இருந்தது. ஒரு வாரம் கழித்து சிலோன்காரம்மா என் ஆபீஸ் விட்டு வரும் வழியில் நின்று, "சார், டிவில சிலோன் மட்டும் வரமாட்டேங்குது. நீங்க ஒரு தரம் வந்து பாக்குறீங்களா? மெட்ராஸ் வருது, டெல்லி வருது. எனக்கு அது பாக்கணும்னுதான் புள்ள வாங்கியாந்தான்" என்றார்.

போனேன். அந்தத் தெருவுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. கூரை வீடு, சாணி மெழுகிய தரை. வாசலில் நான்கைந்து பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தன. "வெளிய ஏன்டா நிக்கிறீங்க, சாருக்கு வழி விட்டு உள்ள போய் உக்காருங்க" என்று அவர் விரட்டினார். எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் ஆன்டெனாவைத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன், சேனல் குமிழைத் திருகிப் பார்த்தேன். எறும்புகூட இல்லை, வெறும் இரைச்சல். எனக்குக் காரணம் தெரியும். மரைக்காயர் வீட்டிலும் ஜூலையிலிருந்தே ரூபவாஹினி நின்றுவிட்டது. அந்த மாதம் 11-ஆம் தேதி கொக்காவில் முகாமைப் புலிகள் பிடித்துவிட்டார்கள், கோபுரம் போய்விட்டது என்று மெக்கானிக் பாய் அப்போதே சொன்னார். பேப்பரிலும் வந்திருந்தது.

"அங்க சண்டையில டவர் போயிடுச்சும்மா. இனிமே வராது" என்றேன்.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டவருக்குக் காவலுக்கு ஆமிப் பையனுங்க இருந்திருப்பானுகளே சார், அவனுக?" என்றார்.

"அனேகமா எல்லாரும் செத்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

அவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். பிள்ளைகள் முனகின. "சாருக்கு டீ போடறேன், அப்பறம் வைக்கறேன், இருங்கடா" என்றார். டீ கண்ணாடி டம்ளரில் வந்தது. நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.